இடிப்பதற்கு முன் தச்சரைக் கூப்பிடுங்கள்

மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடு ஒன்று இடிபடப் போகிறது என்றால், அங்கே பணம் கொடுப்பவர் பெரும்பாலும் இடிப்பவர்தான். கதவு, ஜன்னல், இரும்பு, செங்கல், கூரைக் கட்டைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை பேசி எடுத்துக்கொள்வார். மனையைக் காலி செய்து கொடுப்பார். கதவும் ஜன்னலும் முதல் நாளே கழன்றுவிடும். அவற்றுக்கு ஆள் தயாராக இருக்கிறது. அடுத்த நாள் ஜேசிபி வரும். கூரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பதிந்திருக்கும் தேக்கு உத்திரக் கட்டைகள்மேல் அதன் கை இறங்கும்போது, மூன்று தலைமுறை பாரம் தாங்கிய கட்டைகள் நடுவில் முறிந்து, சிம்பு சிம்பாகப் பிளந்து, சுண்ணாம்புக் காரையோடு கீழே வந்து விழும். பத்தடிக் கட்டை நாலடித் துண்டானால் கட்டிலுக்கு ஆகாது, சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. டீக்கடை அடுப்புக்கு ஆகும்.

பழைய மரத்தில் வீட்டுச் சாமான் செய்துகொள்ளும் ஆசை நம் நகரங்களில் வளர்ந்திருக்கிறது. பாட்டி வீட்டு நிலைப்படியை மேசையாக்கித் தருவீர்களா, ஓட்டு வீட்டுக் கைமரத்தில் ஊஞ்சல் செய்ய முடியுமா, தாத்தாவின் நெல் பத்தாயத்துப் பலகையில் புத்தக அலமாரி வருமா என்று கேட்டுப் பட்டறைக்கு ஆட்கள் வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லோரும் பேசுவது பட்டறையில் நடப்பதைப் பற்றி. அந்த மரம் என்ன ஆகப்போகிறது என்பது பட்டறைக்கு வருவதற்கு வெகுமுன்பே, வீட்டைப் பிரித்த அன்றே முடிவாகிவிடுகிறது. வீட்டைப் பிரித்தார்களா, உடைத்தார்களா? எனக்கு வேண்டிய பதில் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பிறகு.

முதலில், இந்தக் கட்டைகளுக்கு என்ன அப்படி விசேஷம்? நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கும் தேக்கில் கணிசமான பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. அங்கே மரத்தை உடனே வெட்ட மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையையும் வெளிமரத்தையும் செதுக்கிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்ற நிலையிலேயே காய விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது; ஐராவதியில் மிதக்கவிட்டு ரங்கூன் கொண்டுவர வேண்டுமானால் அது காய்ந்திருக்க வேண்டும். ஆற்று வழிக்காகச் செய்த ஏற்பாடு, மரத்துக்கு நல்ல பக்குவமாக அமைந்தது. அதன்பிறகு ஆற்றில், கடலில், மரவாடியில் கிடந்து, கடைசியாக ஒரு கூரைக்கடியில் நூறு ஆண்டு. வெயில் காலத்தில் சுருங்கி, ஐப்பசி மழையில் ஊறி, மறுபடி சுருங்கி, நூறு தடவை இதைச் செய்து பழகிய கட்டை அது. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அந்தக் கட்டைகளுக்கு இணையான அகலமும் நீளமும் கொண்ட மரம் இனிமேல் நமக்குச் சுலபத்தில் வரப்போவதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பத்தடி நீளம், ஐந்துக்கு மூன்று அங்குலம் கனமுள்ள உத்திரக் கட்டை ஒன்று ஒரு கன அடிக்குச் சற்று மேல் வரும். நடுத்தர வீட்டின் கூரையில் இப்படி நாற்பது கட்டைகள் என்று வைத்தால் நாற்பது கன அடித் தேக்கு. ஒரு கன அடியின் எடை ஏறக்குறைய 18 கிலோ. காய்ந்த மரத்தின் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்டக் கார்பன். மரம் எரிந்தால் கன அடிக்குச் சுமார் 30 கிலோ கரியமில வாயு திரும்பக் காற்றுக்குப் போகும். சுற்றுச்சூழல் வாதத்தை நான் இதற்குமேல் நீட்டப் போவதில்லை. மரச் சாமான் வாங்குபவர்கள் கரியமில வாயுவுக்காக வாங்குவதில்லை. நாற்பது கன அடித் தேக்கை விறகாக்குவது கெட்ட வியாபாரம் என்பதே போதும்.

பழைய மரத்தைப் பற்றி மரக்கடைகளில் சொல்லப்படும் பாதி கதைகளை நம்ப வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். பழையது எல்லாமே பர்மா தேக்கு ஆகாது. ஓட்டு வீட்டுக் கைமரங்களில் வேங்கை இருக்கும், மருது இருக்கும், கோங்கு இருக்கும், வேம்பும் இலுப்பையும் இருக்கும். எளிய வீடுகளில் பனங்கைதான். பாலிஷ் போட்ட பிறகு வேங்கையையும் தேக்கையும் பிரித்துச் சொல்ல அனுபவம் வேண்டும். பாலிஷ் போடும் முன் ஓரத்தில் ஒரு சீவல் இழைத்து முகர்ந்தால் போதும். தேக்குக்குத் தோல் வாடை கலந்த ஓர் எண்ணெய் மணம் உண்டு. கை விரலில் வழவழப்பு ஒட்டும். வேங்கைத் தூளைத் தண்ணீரில் போட்டால் சாயம் இறங்கும்.

அதேபோல, காட்டுத் தேக்கு இரும்பு, தோட்டத் தேக்கு பஞ்சு என்ற பேச்சும் முழு உண்மை கிடையாது. தேக்கைத் தோட்டமாக வளர்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டர் கானலி போட்ட தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. வேகமாக வளர்ந்ததாலேயே தேக்கு வலுவிழந்துவிடாது. வித்தியாசம் வேறிடத்தில்: இருபது இருபத்தைந்து வயதில் வெட்டிய மரத்தில் வைரம் குறைவு, வெளுத்த வெளிமரம் அதிகம். கரையானையும் பூச்சியையும் தடுக்கும் சரக்கெல்லாம் வைரத்தில்தான் இருக்கிறது. வெளிமரத்தைப் பொறுத்தவரை தேக்கும் மற்ற மரம் போலத்தான், உளுத்துப் போகும். எனவே பழைய கட்டையானாலும் அதன் ஓரத்தில் வெள்ளைப் பட்டை இருக்கிறதா, சின்னச் சின்னத் துளைகளும் மாவு போன்ற தூளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்தப் பகுதியை அறுத்துத் தள்ளுங்கள். மருந்தடித்து வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

கூரைக் கட்டையில் இன்னொரு இடம் எப்போதும் சந்தேகத்துக்குரியது. சுவருக்குள் புதைந்திருந்த இரு முனைகள். சுவர் ஈரம் இழுக்கும். அந்த ஈரம் முனை வழியே நாருக்குள் ஏறும். வெளியே அழகாகத் தெரியும் கட்டையின் முனையில் சின்ன உளியை வைத்துக் குத்தினால் சிலசமயம் கேக்கில் இறங்குவதுபோல் இறங்கும். இரு பக்கமும் ஓரடி போகும் என்று கணக்கிட்டுக்கொள்வது நல்லது. இதை எல்லாம் கழித்து, ஆணித்துளையும் வெடிப்பும் விட்டு, இழைத்துச் சீர்ப்படுத்தினால் வாங்கிய அளவில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். 'பழைய மரம்தானே, மலிவாகத்தானே இருக்கும்' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கழிவைத்தான். மரம் மலிவு. அதிலிருந்து நல்ல மரத்தைக் கண்டெடுக்கும் உழைப்புக்குத்தான் விலை.

ஆணி. இந்தத் தொழிலில் நாள் பூராவும் திட்டு வாங்கும் பொருள் அதுதான். நூறு வருஷத்தில் ஒரு கைமரத்தில் யார் யாரோ ஆணி அடித்திருப்பார்கள்: ரீப்பர் அடித்த தச்சர், ஒயர் இழுத்த எலக்ட்ரீசியன், தொட்டில் கட்டியவர், காலண்டர் மாட்டியவர். தலை உடைந்து உள்ளே நிற்கும் துண்டு வெளியே தெரியாது. அறுக்கும் மில்லில் பட்டை ரம்பம் அந்த ஒரு துண்டில் பட்டால் பல் போகும், சிலசமயம் ரம்பமே போகும். அதனால் மில்காரர்கள் பழைய மரத்தை வாங்கிக்கொள்ளவே தயங்குவார்கள். வாங்கினாலும் 'பிளேடு போனால் உங்கள் பொறுப்பு' என்று சொல்லித்தான் ஏற்றுவார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. மெட்டல் டிடெக்டரை வைத்து அங்குலம் அங்குலமாகத் தேடி, பின்பக்கத்திலிருந்து தட்டி, இடுக்கியால் இழுத்து எடுப்பதற்கே ஒரு ஆளின் நேரம் முழுசாகப் போகும். இந்த வேலையை இயந்திரம் செய்யாது. பழைய மரத்தில் கம்பெனிகள் பெரிய அளவில் இறங்காததற்கும் சின்னப் பட்டறைகள் இதில் பிழைப்பதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு கட்டையும் ஒவ்வொரு விதம். ஒரே அச்சில் நூறு நாற்காலி வார்க்க முடியாது.

பெயின்ட்டைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பச்சையும் நீலமும் உரிந்து தொங்கும் பழைய ஜன்னலை அப்படியே மாட்டுவது இப்போது ஒரு மோஸ்தர். இந்தியாவில் வீட்டுப் பெயின்ட்டுகளில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் அடக்கும் விதி 2016இல்தான் வந்தது. 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதை உலர்வாக உரசி எடுத்தால் தூள் மூச்சில் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு உரியும் பெயின்ட்டோடு ஜன்னல் கேட்டு வருபவர்களுக்கு நான் செய்து தர மறுத்திருக்கிறேன். மரத்தூளும் சாதாரண விஷயமில்லை. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நம் பட்டறைகளில் இன்னும் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு இழைக்கிறார்கள்.

இனி, 'நீங்கள் கேட்டபடி செய்து தருகிறோம்' என்ற விஷயம். கடையில் வாங்கும் சாமானுக்கும் சொல்லிச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் அளவில் மட்டும் இல்லை. புது மரத்தில் படம் முதலில், மரம் பிறகு. பழைய மரத்தில் மரம் முதலில். வாடிக்கையாளர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி 'இதேபோல ஆறடி மேசை, ஒரே பலகை' என்பார். கையில் இருப்பதோ ஐந்தங்குலக் கைமரங்கள். அவற்றைப் பக்கம் பக்கமாக ஒட்டி ஆறடிப் பலகை வரும். ஒரே பலகை வராது. வராது என்று முதல் நாளே சொல்லும் தச்சர்தான் நல்ல தச்சர். சில சமயம் இருக்கும் மரத்தைப் பார்த்துவிட்டு, மேசை வேண்டாம், இரண்டு பெஞ்ச் செய்துகொள்ளுங்கள் என்று திருப்ப வேண்டிவரும். இந்தப் பேச்சுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. ஆனால் வேலையில் பாதி அதுதான்.

மரம் நூறு வருஷம் காய்ந்துவிட்டது, இனி அசையாது என்பது வாடிக்கையாளர்களிடம் மட்டுமல்ல, சில ஆசாரிகளிடமும் இருக்கும் நம்பிக்கை. அது தவறு. மரம் சாகும்வரை அல்ல, செத்த பிறகும் மூச்சுவிடும். தேக்கு மற்ற மரங்களைவிட நிதானமானது என்பது சரிதான். பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்வரை ஆண்டு வளையத்தின் போக்கில் அது சுருங்குவது 6 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. குறுக்கில் அதில் பாதிக்கும் குறைவு. சென்னைக் கடற்காற்றில் இருந்த கட்டையை ஏசி அறையில் வைத்தால் அதன் ஈரம் நாலு சதவீதம் இறங்குவது சாதாரணம். மூன்றடி அகல மேசைப் பலகை அதில் ஏழு மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். பலகையைக் கீழ்ச்சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டால் அந்த ஏழு மில்லிமீட்டர் எங்கே போகும்? நடுவில் வெடிப்பாக வெளிவரும். நீள்துளையிட்டு ஸ்க்ரூ நகர இடம் விட்டால் வெடிக்காது. தடித்த கட்டையைப் பலகையாக அறுத்தவுடன் உள்ளே அடங்கியிருந்த இறுக்கம் விடுபட்டு வளையும் என்பதால், அறுத்ததும் இழைக்கக் கூடாது. இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, சில வாரம் பட்டறைக் காற்றில் விட வேண்டும். தீபாவளிக்குள் வேண்டும் என்று புரட்டாசியில் வருபவருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது இணைப்பு போடுவதைவிடக் கஷ்டம்.

இந்த இடத்தில் ஜார்ஜ் நாகாஷிமா நினைவுக்கு வருகிறார். 1905இல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கட்டடக் கலை படித்தவர். கட்டடக் கலைஞர் அன்டனின் ரேமண்டின் அலுவலகத்திலிருந்து, புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கோல்கொண்டே விடுதியைக் கட்ட 1930களின் கடைசியில் இங்கே வந்தார். ஆசிரமத்திலேயே சேர்ந்து சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். அந்த விடுதி அறைகளுக்கு அவர் வடிவமைத்த தேக்குச் சாமான்கள்தான் அவருடைய முதல் மரவேலைகளில் சேரும். பிறகு போர் வந்தது. 1942இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அவரும் குடும்பத்தோடு இடாஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குப் போனார். அங்கே ஜப்பானில் பயின்ற ஒரு தச்சரிடம், கட்டுமானத்தில் மிஞ்சிய துண்டு மரங்களையும் பாலைவனப் புதர்க்கட்டைகளையும் வைத்துத் தொழில் கற்றார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அவருடைய மேசைகளில் வெடிப்பை அவர் மறைக்கவில்லை. வண்ணத்துப்பூச்சி வடிவில் செதுக்கிய ஒரு கட்டையை வெடிப்பின் குறுக்கே பதித்து, அது மேலும் விரியாமல் பிடித்து நிறுத்தி, கண்ணுக்குத் தெரியும்படியே விட்டார்.

நாம் இன்னமும் ஃபெவிகாலில் மரத்தூளைக் குழைத்து வெடிப்பில் அடைத்து, மேலே மெலமைன் பாலிஷ் போட்டு, 'பார்த்தீர்களா, புதுசு மாதிரி' என்கிறோம். பழைய மரத்தைத் தேடி வாங்குவது எதற்கு, பிறகு அதைப் புதுசு மாதிரி ஆக்குவது எதற்கு? எதிர்ப்பக்கத்துக் கோளாறும் உண்டு. புது ரப்பர் மரத்தைச் சங்கிலியால் அடித்து, கறுப்புச் சாயம் தேய்த்துப் பழசாக்கி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில், ஆணித்துளையை ஆணித்துளையாகவே விட்டுவிட்டு, ஆனால் இணைப்பில் மயிரிழை இடைவெளியும் விடாத வேலை இருக்கிறது. அதற்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

பழைய மரத்துக்குக் கிராக்கி கூடினால் பழைய வீடுகள் இன்னும் வேகமாக இடிபடாதா? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தத் தொழிலைப் பாராட்டுவது அயோக்கியத்தனம். செட்டிநாட்டைப் பாருங்கள். ஜப்பானியர்கள் பர்மாவுக்குள் நுழைந்ததிலிருந்து அங்கே நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகர்களின் தொழில் ஆட்டம் கண்டது. சுதந்திரத்துக்குப் பிந்தைய பர்மாவின் நில நாட்டுடைமை மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. ஊரில் கட்டிவைத்த மாளிகைகளுக்குப் பங்காளிகள் பெருகினார்கள், குடியிருப்பவர்கள் குறைந்தார்கள். பராமரிக்க ஆளில்லை, பாகம் பிரிக்க வழியில்லை. இடித்து விற்றால் பணத்தைச் சமமாகப் பிரிக்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அடுக்கியிருக்கும் தூண்களும் போதிகைகளும் கதவுகளும் இப்படி வந்தவைதான். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் இடம்பெற்றன. பட்டியலில் பெயர் இருப்பதால் எந்த வீட்டின் கூரையும் ஒழுகாமல் நின்றுவிடவில்லை.

எனவே நான் ஒரு கோடு போட்டுக்கொள்கிறேன். செதுக்கிய நிலைக்கதவு, முழுத் தூண், போதிகை, இவற்றை அறுக்க மாட்டேன். முகப்புக் கதவைப் படுக்கவைத்து மேலே கண்ணாடி போட்டால் டீபாய் ஆகிவிடும் என்று யோசிப்பவர்களிடம் வேறு பட்டறைக்குப் போகச் சொல்கிறேன். கதவு கதவாகவே இன்னொரு வீட்டில் நிற்க வேண்டும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் அதைத்தான் செய்தார். இடிந்த வீடுகளின் கதவு ஜன்னல்களை வாங்கி, அவற்றின் அளவுக்கு ஏற்பப் புதுச் சுவரைக் கட்டினார். முழு வீட்டையே பெயர்த்து நட முடிந்தால் இன்னும் நல்லது. முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்கும் செட்டிநாட்டு வீடு அப்படி வந்தது. எல்லோராலும் அருங்காட்சியகம் கட்ட முடியாதே. வீட்டைக் காப்பாற்ற முடியுமானால் காப்பாற்றுவதுதான் முதல் கடமை. முடியாதபோது மிஞ்சுவது செதுக்கல் எதுவும் இல்லாத உத்திரமும் கைமரமும் ரீப்பரும் பரண் பலகையும். இவற்றை ஆல்பத்தில் படம் எடுத்து வைப்பவர் இல்லை. சொல்லிச் செய்யும் தச்சருக்கான சரக்கு இதுதான். ஜேசிபி ஒடிப்பதும் இதைத்தான்.

வீட்டு மரம் கிடைக்காதவர்களுக்குப் பேலட் மரம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்களோடு வந்து இறங்கும் பைன் மரச் சட்டங்கள் பழைய சாமான் கடைகளுக்குப் போகின்றன. இதில் அலமாரி, பால்கனிப் பெஞ்ச் செய்வது பழக ஏற்றது; ஆயுளுக்கு வரும் சாமானுக்கு அல்ல, ஏனென்றால் கரையான் இதை விரும்பிச் சாப்பிடும். வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் மரத்தின் உள்மையம்வரை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கியிருக்கிறார்கள். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுப்புகை போட்டது. வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். முத்திரையே இல்லாமல் எண்ணெய்க் கறையோடு இருப்பதையும்.

அரசு என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தன. ஒரு நாளில் 20 டன்னோ ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னோ கழிவு உண்டாக்குபவர்கள் அதைத் தரம் பிரிக்க வேண்டும் என்றன அவை. என்னென்ன பிரிவு தெரியுமா? கான்கிரீட் ஒன்று, மண் ஒன்று, செங்கல்லும் காரையும் ஒன்று, இரும்பு, மரம், பிளாஸ்டிக் மூன்றும் சேர்ந்து ஒன்று. பர்மா தேக்கும் உடைந்த பிவிசி குழாயும் ஒரே குவியல். இப்போது அவற்றின் இடத்தில் புதிய விதிகளை 2025இல் ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்களுக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது. நம் ஊர்களில் பழைய மரம் இருப்பதோ அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு மனைகளில் நிற்கும் வீடுகளில். அந்த வீட்டை எந்தப் பெரிய விதியும் எட்டிப் பார்க்காது.

வரியும் இந்த வேலைக்கு எதிராகவே இருக்கிறது. பழைய காரை வாங்கி விற்பவர் ஜிஎஸ்டி சட்டத்தில், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். விதி 32இன் ஐந்தாம் உட்பிரிவு பொதுவாகப் பழைய பொருள்களுக்கு இந்தச் சலுகையைத் தருகிறது. ஆனால் பொருளின் தன்மை மாறாத அளவுக்குச் சின்ன வேலை மட்டுமே செய்திருக்க வேண்டும். கைமரத்தைக் கட்டிலாக்கினால் தன்மை மாறிவிடுகிறது. எனவே பதிவுபெற்ற பட்டறை முழு விலைக்கும் 18 சதவீதம் வரி போட வேண்டும். வீட்டுக்காரரிடம் நேரடியாக மரம் வாங்கியதால் அவரிடமிருந்து வரி ரசீதும் வந்திருக்காது, கழித்துக்கொள்ள எதுவும் இருக்காது. பழைய மரத்தை அப்படியே வாங்கிப் பெயின்ட் அடித்து விற்பவருக்குச் சலுகை. அதில் உழைப்பைப் போட்டுப் புதுப் பயன் கொடுப்பவருக்கு முழு வரி. மரத்தின் கொள்முதல் விலையை மட்டுமாவது கழித்துக்கொள்ள அனுமதிப்பது ஜிஎஸ்டி கவுன்சிலுக்குப் பெரிய காரியமில்லை.

கடன் திட்டங்கள் இல்லாமல் இல்லை. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023இல் வந்தது. தச்சர் உட்பட 18 தொழில்கள், கருவிக்கு 15,000 ரூபாய், மூன்று லட்சம் வரை கடன். குலத்தொழிலை நிலைநிறுத்துகிறது என்று தமிழக அரசு அதை ஏற்காமல் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த விவாதத்தில் எனக்கு மாநில அரசின் பக்கம்தான் சாய்வு. மரவேலைக்கு எந்தச் சாதியிலிருந்தும் ஆள் வரட்டும், பெண்களும் வரட்டும். ஆனால் இரண்டு திட்டங்களும் கருவியையும் கடனையும் பற்றி யோசித்தவை. பழைய மரத்தில் வேலை செய்பவரின் பற்றாக்குறை இடம். ஒரு வீடு இடிபடும்போது வாங்கும் நாற்பது கன அடியை, சரியான வாடிக்கையாளர் வரும்வரை, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கிவைக்க வேண்டும். சென்னையில் அந்த அளவுக் கொட்டகைக்கு வாடகை கொடுத்தால் மரத்தின் லாபம் அதிலேயே போய்விடும். ஒவ்வொரு மாநகராட்சியும் தன் இடிபாட்டுக் கழிவு சேகரிக்கும் இடத்தின் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு, கன அடிக்கு மாதம் இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு மரம் வைக்க விட்டால், சின்னப் பட்டறைகளுக்கு அது மானியக் கடனைவிடப் பெரிய உதவி.

முன்னுதாரணம் காட்ட வேண்டியது அரசேதான். பழைய பள்ளிக்கூடங்கள், தாலுகா அலுவலகங்கள், காவலர் குடியிருப்புகள் இடிபடும்போது மரம் பெரும்பாலும் இடிபாட்டோடு சேர்த்து ஒரே தொகைக்கு ஏலம் போகிறது. மரத்தைத் தனியாகப் பிரித்து, ஒடியாமல் இறக்கி, நீளவாரியாக அடுக்கி, அதைத் தனி ஏலமாக விட வேண்டும் என்று ஒப்பந்த நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால், இறக்கும் கூலி போக அரசுக்கு லாபம்தான் வரும். தனியார் வீடுகளுக்கு, இடிப்பு அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள் கூட்டினால் போதும்: கூரையிலும் நிலைகளிலும் ஏறக்குறைய எத்தனை கன அடி மரம், அதை இறக்கப்போவது யார், எங்கே போகிறது. மூன்றாவது கட்டத்தில் 'விறகு' என்று எழுத எந்த வீட்டுக்காரருக்கும் மனசு வராது.

இதனால் வேலை தாமதமாகும் என்று கட்டுநர்கள் சொல்வார்கள். ஆகும். ஓட்டை இறக்கி, ரீப்பரைப் பிரித்து, கைமரத்தைக் கயிறு கட்டி இறக்க ஓட்டு வீட்டுக்குச் சில நாட்கள். மெத்தை வீட்டுக்கு மேல்தளக் காரையைக் கொத்திவிட்டுக் கட்டைகளை ஒவ்வொன்றாக உருவ இரண்டு வாரம் வரை. வரைபட அனுமதிக்கு மனை உரிமையாளர் காத்திருக்கும் மாதங்களில், காலியாகிக் கிடக்கும் அந்த வீட்டில், இந்த வேலையை முடித்துவிடலாம்.

(கட்டுரையாளர்: பழைய மரங்களில் வேலை செய்யும் தச்சுப் பட்டறையை நடத்துபவர்.)